கொச்சியில் ஒரு படகுப் பயணம்

கொச்சி என்பது ஒரே ஊர் அல்ல. தண்ணீருக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பல ஊர்கள் சேர்ந்ததுதான் கொச்சி.

கிழக்குக் கரையில் எர்ணாகுளம் இருக்கிறது. ரயில் நிலையம், ஹைகோர்ட், ஆஸ்பத்திரிகள், பெரிய கடைவீதி எல்லாம் இங்கேதான். மேற்கே, கடல் ஓரத்தில், ஃபோர்ட் கொச்சி. அதை ஒட்டி மட்டாஞ்சேரி. வடக்கே நீளமான வைப்பின் தீவு. நடுவில் வில்லிங்டன் தீவு, வல்லார்பாடம், போல்காட்டி. இத்தனைக்கும் இடையில் விரிந்து கிடக்கிறது காயல்.

காயல் என்றால் என்ன? ஆறுகள் கடலில் கலப்பதற்கு முன்னால் தேங்கிப் பரவி நிற்கும் இடம். தமிழில் கழி, உப்பங்கழி என்று சொல்வார்கள். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் நிறைய வரும். அப்போது காயலில் உப்பு குறையும். கோடையில் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். அப்போது உப்புக் கரிக்கும். இரண்டு தண்ணீரும் கலப்பதால் இங்கே மீனும் இறாலும் நன்றாக வளரும்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பஸ்ஸிலும் போகலாம். பாலங்கள் இருக்கின்றன. ஆனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நெரிசலில் மாட்டினால் நேரம் போவதே தெரியாது. படகில் போனால் 20 நிமிடம்தான். புகை இல்லை, தூசி இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

தண்ணீரில் ஓடும் பஸ்

படகுச் சவாரி என்றதும் பணக்காரர்கள் செய்கிற செலவு என்று பலர் நினைக்கிறார்கள். கொச்சியில் அப்படி இல்லை. கேரள அரசுக்குத் தண்ணீர்ப் போக்குவரத்துக்கென்றே தனியாக ஒரு துறை இருக்கிறது. 1968-இல் தொடங்கியது. அந்தத் துறையின் படகுகள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து காலை முதல் இரவு வரை ஓடுகின்றன. கட்டணம் ஒரு டீ குடிக்கிற காசுக்குள் அடங்கிவிடும்.

படகில் யார் யார் ஏறுகிறார்கள் என்று கவனித்தால் இது புரியும். பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஆபீஸ் போகிறவர்கள், வேலைக்குப் போகிற பெண்கள், கூலித் தொழிலாளிகள் ஏறுகிறார்கள். நடுவில் கேமராவுடன் நாலு வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள். படகு ஊர்க்காரர்களுக்காக ஓடுகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பயணத்துக்கு ஒரு தனி ருசி.

படகை ஓட்டுவது ஒருவர் வேலை அல்ல. முன்பக்கம் நின்று சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு. எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் டிரைவர். கரை வந்ததும் கயிற்றை வீசிக் கம்பத்தில் சுற்றுகிறவர் லாஸ்கர். பழைய மாதிரிப் படகில் ஸ்ராங்கு ஒரு இடத்தில் நிற்பார், எஞ்சின் வேறு இடத்தில் இருக்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதற்காக ஒரு மணி கட்டியிருப்பார்கள். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். அந்த மணிக் கணக்கை வைத்து டிரைவர் எஞ்சினை ஓட்டுவார், நிறுத்துவார்.

இப்போது இன்னொரு படகும் வந்திருக்கிறது. அதன் பெயர் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் கொச்சியில் தொடங்கியது. 2024-இல் ஃபோர்ட் கொச்சி வரை வந்தது. இது மின்சாரப் பேட்டரியில் ஓடுவது. சத்தம் மிகக் குறைவு. உள்ளே குளிர்சாதனம் உண்டு. ஒரு படகில் 100 பேர் வரை போகலாம். இந்தப் படகுகளைக் கட்டியது கொச்சியிலேயே இருக்கிற கப்பல் கட்டும் தளம். கட்டணம் பழைய படகைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். இதன் படகுத்துறை தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் துறையும் இறங்கும். அதனால் துறையும் படகும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரும் தள்ளிக்கொண்டே ஏறலாம். பழைய துறையில் படிக்கும் படகுக்கும் நடுவே காலை எட்டி வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது கஷ்டம்.

அவசரம் இல்லாதவர்களுக்குப் பழைய படகே போதும். ஜன்னலில் கண்ணாடி இல்லை. காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

துறைமுகம் எப்படி வந்தது?

படகு கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளியதும் பெரிய பெரிய கிரேன்கள் தெரியும். வல்லார்பாடத்தில் இருக்கிற சரக்குப் பெட்டித் துறைமுகம் அது. 2011-இல் திறந்தார்கள். இன்னொரு பக்கம் வில்லிங்டன் தீவு. அங்கே கப்பல்கள் கட்டி நிற்கும். பக்கத்தில் வந்தால்தான் ஒரு கப்பல் எவ்வளவு உயரம் என்பது தெரியும். படகில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் நாலு மாடி, ஐந்து மாடி வீடு நகர்ந்து போவது போல இருக்கும்.

இவ்வளவு பெரிய கப்பல்கள் எப்படி உள்ளே வருகின்றன? அதற்கு ஒரு கதை உண்டு.

பழைய காலத்தில் இந்தக் கரையில் பெரிய துறைமுகம் கொச்சி அல்ல. சற்று வடக்கே இருந்த முசிறிதான் பெரிய துறைமுகம். சங்கப் பாடல்களில் வருகிற அதே முசிறி. அது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்தது. ரோமாபுரிக் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து, மிளகை வாங்கிக்கொண்டு போயின. 1341-இல் பெரியாற்றில் பெரு வெள்ளம் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை மணல் மூடிப் போனது. கொச்சியில் கடலுக்கு ஒரு புதிய வாய் திறந்தது. வியாபாரம் கொச்சிக்கு வந்தது.

வாய் திறந்ததே தவிர, அதன் முன்னால் தண்ணீருக்கு அடியில் கெட்டியான மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. சிறிய கப்பல் தாண்டி வரும். பெரிய கப்பல் வந்தால் தரை தட்டும். அதனால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்கும். சரக்குகளைச் சின்னப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டும். ஜூன் மாதம் மழையும் காற்றும் தொடங்கினால் அதுவும் முடியாது.

1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினியர் கொச்சிக்கு வந்தார். அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. மணல் திட்டை வெட்டினால் கடல் சீறி வந்து வைப்பின் கரையை அரித்துவிடும் என்று பலர் பயந்தார்கள். பிரிஸ்டோ அலையையும் நீரோட்டத்தையும் வருஷக்கணக்கில் அளந்தார். கரையைக் காப்பாற்ற வைப்பின் பக்கம் கருங்கல் தடுப்புகள் போட்டுப் பார்த்தார். கரை நின்றது. பிறகுதான் திட்டை வெட்டினார்கள். 1928 மே 26-இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

வெட்டி எடுத்த மண்ணை என்ன செய்தார்கள்? வீணாக்கவில்லை. காயலின் நடுவில் கொட்டி உயர்த்தினார்கள். அந்த மண்தான் இன்றைய வில்லிங்டன் தீவின் பெரும் பகுதி. அதன்மேல் துறைமுகமும், ரயில் பாதையும், அலுவலகங்களும் வந்தன. மனிதர்கள் கையால் உண்டாக்கிய தீவு அது.

வேலை அன்றோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் வழி தூர்ந்துபோகும்.

கடல் வாய்க்குப் பக்கத்தில் வரும்போது தண்ணீரைக் கவனிக்க வேண்டும். சில சமயம் சாம்பல் நிற முதுகு ஒன்று எழும்பி மறையும். அது டால்பின். மீன் கூட்டத்தைத் தேடி வருகிறது. கூட வருகிற ஊர்க்காரர்கள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தினம் பார்க்கிற காட்சி.

சீன வலை

ஃபோர்ட் கொச்சித் துறையில் இறங்கி, கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சீன வலைகள் வரிசையாகத் தெரியும். கொச்சி என்றால் எல்லாக் காலண்டரிலும் இந்தப் படம்தான் இருக்கும்.

இது கரையில் நிலையாக நிற்கிற வலை. நாலு நீண்ட கொம்புகள் சிலந்திக் கால் போல வளைந்து நிற்கும். அவற்றின் நுனியில் வலையின் நாலு மூலையும் கட்டியிருக்கும். கொம்புகள் சேருகிற இடத்தை ஒரு பெரிய மரம் தாங்குகிறது. கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே தத்துவம்தான். ஒரு பக்கம் வலை. மறுபக்கம் எடைக்குக் கற்கள். கற்களைக் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஓர் ஆள் பெரிய மரத்தின்மேல் நடந்து போனாலே போதும். அவர் எடைக்கு வலை இறங்கி நீரில் அமிழும். சில நிமிஷம் விடுவார்கள். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். வலை எழும்பும். கற்கள் எல்லாம் ஒரே நீளத்தில் கட்டப்படவில்லை. வலை ஏற ஏற ஒவ்வொரு கல்லாகக் கீழே வந்து தரையில் உட்காரும். அதனால் வலை குபீரென்று தூக்காமல் சமமாக மேலே வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் கண்டுபிடித்த கணக்கு இது.

சீன வலை என்ற பெயர் எப்படி வந்தது? சீன வியாபாரிகள் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை, சீனத்தில் மக்காவ் என்ற இடத்தில் இருந்த போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வலையின் சில பாகங்களுக்கு மீனவர்கள் சொல்கிற பெயர்கள் போர்ச்சுக்கீசியச் சொற்கள் போல இருப்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

வலை அழகாக இருக்கிறது. ஆனால் வலைக்காரர்கள் பாடு அழகாக இல்லை. மீன் வரத்து குறைந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து வலையில் அடைத்துக்கொள்ளும். மீனுக்குப் பதிலாக இலைதான் ஏறும். நல்ல தேக்கு மரம் விலை ஏறிப்போனது. பழுதான மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்துச் சமாளிக்கிறார்கள். சில வலைகளில் மீனைவிட, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கிற காசே வருமானம். "நீங்களும் இழுத்துப் பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். இழுத்த பிறகு காசு கேட்பார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டியதில்லை. முதலிலேயே எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கரையில் நின்று பார்க்கலாம். கடலில் இறங்கிக் குளிப்பது சரியல்ல. கப்பல் போகிற வாய் இது. இழுப்பு அதிகம். கடற்கரை மணலும் அரித்து அரித்துக் குறைந்துபோயிருக்கிறது.

கோட்டை இல்லாத கோட்டை

ஃபோர்ட் என்றால் கோட்டை. ஆனால் கோட்டையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1503-இல் போர்ச்சுக்கீசியர் கட்டினார்கள். 1663-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1795-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1806-இல் ஆங்கிலேயரே அதை இடித்துவிட்டார்கள். இன்று சில சிதைவுகள்தான் மிச்சம். இந்தச் சின்ன இடம் அதற்குப் பிறகு சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1956 நவம்பர் 1-இல் கேரளம் உண்டானபோதுதான் கேரளத்தோடு சேர்ந்தது.

கோட்டை போனாலும் ஒரு சர்ச் நிற்கிறது. புனித பிரான்சிஸ் சர்ச். ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய சர்ச்சுகளில் மிகப் பழையது இது என்கிறார்கள். கடல் வழி கண்டு வந்த வாஸ்கோடகாமா 1524-இல் கொச்சியில் இறந்தார். அவரை இங்கேதான் புதைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்ச்சுக்கல் நாட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது. தலைக்கு மேலே நீளமான துணி விசிறிகள் தொங்குகின்றன. அவற்றின் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது. வெளியே வெயிலில் ஓர் ஆள் நின்று இழுப்பார். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். வாஸ்கோடகாமா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. கயிறு இழுத்தவர்களின் பெயர் எங்கேயும் எழுதவில்லை.

இதே ஊரில் வெளி என்ற பகுதியில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. அங்கே போனால் தமிழ்ப் பேச்சுக் கேட்கலாம். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணியைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று சொல்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கஞ்சி போடும் இடம், கரிப்பெட்டி எல்லாம் உண்டு. துணி காயப்போடுகிற முறைதான் ஆச்சரியம். கிளிப்பு கிடையாது. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிறு. புரியைப் பிரித்து, துணி நுனியைச் சொருகி விடுகிறார்கள். கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. வாஷிங் மெஷின் வந்த பிறகு இந்த வேலை சுருங்கிவிட்டது. பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

மட்டாஞ்சேரி

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போகலாம். நடந்தும் போகலாம். வழியில் பழைய மண்டிகள் இருக்கின்றன. மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை வரும். மண்டிகளின் பின்பக்கம் காயல். அந்தக் காலத்தில் மலைச் சரக்கு படகில் வந்து நேராக மண்டியில் இறங்கும். அதனால்தான் தண்ணீரை ஒட்டிக் கட்டினார்கள்.

இங்கே டச்சு அரண்மனை என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் டச்சு. உண்மையில் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர். சுமார் 1555-இல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பிறகு பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. உள்ளே சுவர் நிறைய ராமாயணச் சித்திரங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டியவை.

பக்கத்தில் யூதர்களின் கோயில். 1568-இல் கட்டியது. பெயர் பரதேசிக் கோயில். இங்கே பரதேசி என்றால் பிச்சைக்காரர் அல்ல, வெளிதேசத்திலிருந்து வந்தவர். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். கையால் வரைந்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பார்கள். 1948-இல் இஸ்ரேல் நாடு உண்டான பிறகு இங்கிருந்த யூதர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டார்கள். கோயிலும் தெருவும் இருக்கின்றன. வெள்ளி, சனி இரண்டு நாளும் மட்டாஞ்சேரிக்குப் போகாமல் இருப்பது நல்லது. அரண்மனையோ கோயிலோ பூட்டியிருக்கும்.

ஜங்கார்

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எதிர்க்கரையில் தெரிவது வைப்பின். கூப்பிடு தூரம்தான் என்று தோன்றும். இந்த இடத்தில் பாலம் கிடையாது. ஏன்? கப்பல்கள் கடலிலிருந்து உள்ளே வருகிற வாசல் இதுதான். பாலம் கட்டினால் கப்பலின் உச்சியைவிட உயரமாகக் கட்ட வேண்டும். அதனால் மனிதரும் வண்டியும் மிதவையில் கடக்கிறார்கள். பைக், கார், லாரி எல்லாம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். ஊரில் இதை ஜங்கார் என்கிறார்கள். கடக்கச் சில நிமிஷம்தான். ஜங்கார் பழுதாகி நின்றால் வண்டிகள் ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்தச் சில நிமிஷப் பாதையில் ஒரு பெரிய துக்கம் நடந்தது. 2015 ஆகஸ்ட் 26. ஓணம் நெருங்கியிருந்தது. வைப்பினிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பழைய படகில், ஃபோர்ட் கொச்சிக் கரைக்குப் பக்கத்தில், மீன்பிடிப் படகு ஒன்று மோதியது. ஆட்கள் இருந்த படகு உடைந்து மூழ்கியது. 11 பேர் இறந்தார்கள். கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. புதிய ஜங்கார் 2018-இல் வந்தது.

கேரளத்தில் இது மட்டும் அல்ல. 2009-இல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023-இல் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

படகு ஏன் கவிழ்கிறது? எடை கீழே, நடுவில் இருந்தால் படகு நேராக நிற்கும். எடை மேல்தட்டுக்குப் போனால் லேசாக ஆடினாலும் சாயும். எல்லோரும் ஒரே பக்கம் ஓடினாலும் சாயும். சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு நிமிராது. டால்பின் தெரிகிறது என்று யாராவது கத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். மலையாளமும் இங்கிலீஷும் தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம். அந்த எண்ணுக்கு மேல் ஆள் ஏறினால் அடுத்த படகுக்கு நிற்கலாம். மிதவை உடுப்பு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஏறியவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் போட்டுக்கொள்ள வேண்டும். புடவைக்கு மேல் போட்டால் நன்றாக இருக்காது என்று கையில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கையில் இருக்கிற உடுப்பு மிதக்கும், ஆள் மிதக்க முடியாது.

வைப்பினில் இறங்கினால் எர்ணாகுளத்துக்குப் பஸ் வரிசையாக நிற்கும். 2004-க்கு முன்னால் இங்கே இப்படி பஸ் கிடையாது. தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும், வேலைக்கும், படிப்புக்கும் எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் படகுதான். இரவில் கடைசிப் படகு போய்விட்டால் தவிக்க வேண்டும். பாலம் வேண்டும் என்று பல வருஷம் கேட்டார்கள். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. மூன்று பாலங்கள். வைப்பினிலிருந்து வல்லார்பாடம், அங்கிருந்து போல்காட்டி, அங்கிருந்து எர்ணாகுளம். காலையில் படகிலிருந்து அண்ணாந்து பார்த்த கிரேன்களை இப்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். பஸ் ஹைகோர்ட் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். அங்கிருந்து படகுத்துறையும் ரயில் நிலையமும் அதிக தூரம் இல்லை.